ஊரைப் பிடித்தால் பேர் வரும்

தம் முன்னோரைப் பற்றித் தேட விரும்புவோர் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டிருப்பதால் அவரவர் ஊரை மட்டும் குறிக்கிறேன். நான் சொல்லப்போகும் வழிக்கு அதுவே பொருத்தமும்கூட.

சென்னிமலைக்கு அருகில் பிறந்து பெங்களூரில் வசிக்கும் வாசகர்: மகனைப் பள்ளியில் சேர்த்தபோது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். என் பாஸ்போர்ட்டில் அதே கட்டத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. மனைவிக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். உடன் வேலை பார்க்கும் வடநாட்டு நண்பர்கள் தங்கள் குடும்பப் பெயரை வைத்து ஐந்தாறு தலைமுறைக் கதை சொல்கிறார்கள். எங்களுடைய உண்மையான குடும்பப் பெயர் எது, அதை எங்கே தேடுவது?

நீங்கள் தேடும் பொருள் தொலைந்துபோகவில்லை. அது எப்போதுமே இருந்ததில்லை. தமிழ் வழங்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடு கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும், சிலருக்கு அதற்கும் முன்னால் ஊரின் முதல் எழுத்து வரும், அவ்வளவுதான். நம்மிடையே வாழும் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு 'இண்டிபேரு' என்ற வீட்டுப் பெயர் உண்டு. அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் கைப்பிடி இல்லை.

அதற்கு மாற்றாக நம்மிடம் இருந்தது சுழன்று வரும் பெயர். மூத்த மகனுக்கு அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, பெயரை வைப்பது கொங்கில் அண்மைக்காலம் வரை ஏறக்குறைய விதியாகவே இருந்தது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஆகவே பழைய தாள்களில் பழனிசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் ராமசாமி என்று நூறாண்டுக்கு இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். அண்ணன் தம்பி நால்வரும் தம் மூத்த மகனுக்கு ஒரே பாட்டன் பெயரை வைத்திருந்தால் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிய ஊரார் கையாண்ட வழி இருப்பிடம். பெரியதோட்டத்து ராமசாமி, பள்ளத்துக்காட்டு ராமசாமி, புதுவளவு ராமசாமி, மேற்கால சாளை ராமசாமி என்று தோட்டத்தின் பெயரும், வளவு என்னும் வீட்டு வரிசையின் பெயரும், சாளை என்னும் தோட்டத்து வீட்டின் பெயரும் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. உங்கள் குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயர் இருந்தே தீர வேண்டுமென்றால் அது இதுதான். உங்கள் அப்பாவை ஊரில் எந்தத் தோட்டத்தார் என்று சொல்வார்கள் என விசாரித்துப் பாருங்கள்.

பெயருக்குப் பின்னால் வந்த பட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பிந்திய ஓரிரு தலைமுறைகளில் பட்டங்கள் மெல்ல உதிர்ந்தன. இதனால் ஒரே ஆள் 1925-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் பட்டத்தோடும் 1950-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் பட்டமின்றியும் வருவார். இருவரென்று மயங்க வேண்டாம். பட்டத்தை வைத்து உறவைக் கணிப்பதும் தவறு. கவுண்டர் என்ற ஒரு பட்டத்தையே வேளாளர், வேட்டுவர், ஊராளியர், ஒக்கலிகர் எனப் பல சமூகத்தார் இங்கே வைத்திருக்கிறார்கள். சாதிக்குள் குலப் பிரிவைக் குறிக்கும் கூட்டப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொள்ளலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அது உங்கள் மகனின் சாதியை நெற்றியில் எழுதி அனுப்புவதற்குச் சமம். நானாக இருந்தால் செய்ய மாட்டேன். படிவத்துக்காக ஏதாவது ஒரு பெயரைத் தேர்ந்து எல்லாத் தாள்களிலும் அதையே எழுதி வாருங்கள். வரலாற்றுத் தேடலை அந்தக் கட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுழலும் பெயரால் நானே ஏமாந்திருக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்திர நகல் எழுதுபவனாகத் தொடங்கி முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஊரார் வம்சம் எல்லாம் என் கையால் நகலானது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு கடன் ஓலை இருந்தது. விரல் அகலம்கூட இல்லை, ஒரு முனையைச் செல் அரித்திருந்தது. 'பிலவ வருஷம் ஆவணி மாதம்' என்று தொடங்கி நாச்சிமுத்து என்பவர் பட்ட கடனைச் சொல்லியது. நாச்சிமுத்து என்று ஒருவர் 1901-இல் எங்கள் குடும்பத்தில் இருந்தார். 1901-உம் பிலவ வருஷம்தான். பொருந்திவிட்டது என்று இரண்டாண்டு அப்படியே நம்பியிருந்தேன். பிறகு 1889-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது. கடன் கொடுத்தவராக ஓலையில் கண்ட அதே ஆள் அதில் 'காலஞ்சென்ற' என்ற அடைமொழியோடு பக்கத்துக் காட்டுக்காரராகச் செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கெல்லை விவரத்தில், நிற்கிறார். செத்தவர் பன்னிரண்டு ஆண்டு கழித்து எழுந்து வந்து கடன் கொடுத்திருக்க முடியாதல்லவா? தமிழ் வருஷப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும். ஓலையின் பிலவ வருஷம் 1841. கடன்பட்டவர் நான் நினைத்த நாச்சிமுத்து அல்லர், அவருடைய பாட்டன். ஒரு தேதியைத் திருத்தியதில் குடும்ப மரத்தில் இரண்டு தலைமுறை கூடிற்று. வருஷப் பெயர் மட்டும் உள்ள எந்தத் தாளையும் வேறொரு தாளோடு உரசிப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

ஆகவே பெயரைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். ஆட்களின் பெயர் சுழன்றுகொண்டே இருக்கும். காட்டின் பெயர் அவ்வளவு எளிதில் மாறாது. உங்கள் குடும்பத்தின் பழைய புல எண்ணைக் கண்டுபிடித்து, கிராமத்து நிலங்களை எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருந்தது என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயர் வரிசைக்கு ஓர் அட்டவணையும் சொத்து வரிசைக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியே உண்டு. பெயர் அட்டவணையில் ராமசாமிகளின் காட்டுக்குள் புகுந்து தொலைவதைவிடச் சொத்து அட்டவணை வழியே போவது நல்லது. இணையத்தில் வில்லங்கச் சான்று பிந்திய ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அதற்கு முந்தியவற்றுக்கு மனுப் போட்டுக் கைத்தேடல் செய்ய வேண்டும். 1860-களின் நடுவில் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிய பத்திரங்கள் வரை எட்ட வாய்ப்புண்டு. கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் நூறு மடங்கு உயர்ந்தது. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் யார் யாருக்கு என்ன உறவு என்பதைத் துளியும் விடாமல் எழுதிவைத்துப் போயிருப்பார்கள். இந்த விஷயத்தில் ஒற்றுமையான குடும்பத்தில் பிறந்தவர்கள் சற்றுத் துரதிருஷ்டசாலிகள்.

ஈரோடு வாசகர்: நாங்கள் ஆந்தை கூட்டம். ஆந்தையை வணங்கிய ஆதிக்குடியின் வழிவந்தவர்கள் என்று உறவினர் ஒருவர் எழுதிய சிறு புத்தகம் சொல்கிறது. மேலும் பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என ஏழு தலைமுறைப் பெயர்களும், பரன், பரை என்பதிலிருந்தே 'பரம்பரை' வந்தது என்பதும் வாட்ஸ்ஆப்பில் வந்தன. இவை எவ்வளவு நம்பத்தக்கவை?

பரம்பரை வடசொல். பரனும் பரையும் சேர்ந்து அதைப் பெற்றெடுக்கவில்லை. பாட்டனும் பூட்டனும் ஓட்டனும் நம் வீடுகளில் வழங்கும் சொற்கள். அதற்கு மேலே உள்ளவை வாட்ஸ்ஆப் வழக்கு என்றே நான் கருதுகிறேன்.

ஆந்தை விஷயம் சுவையானது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஒருவருடைய பெயரோடு 'தந்தை' என்ற சொல் சேரும்போது எப்படித் திரியும் என்பதற்கு விதி இருக்கிறது. சாத்தன் தந்தை சாத்தந்தை ஆவார், கொற்றன் தந்தை கொற்றந்தை ஆவார், பூதன் தந்தை பூந்தை ஆவார், ஆதன் தந்தை ஆந்தை ஆவார். சாத்தந்தை என்று இன்றும் கொங்கில் ஒரு கூட்டம் இருக்கிறது. பொருளந்தையும் அதே வார்ப்பில் அமைந்த பெயராகவே தெரிகிறது. இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஆந்தை மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆதனைப் பெற்றவர் என்று பொருள்படும் ஓர் ஆளின் பெயராக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பிசிராந்தையாரைப் பறவையென்று யாரும் சொல்வதில்லையே. அதற்காகக் காடை, பனங்காடை முதலிய எல்லாக் கூட்டப் பெயரையும் இப்படி உடைத்துவிட முடியாது.

கொங்கு நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில், கொடை கொடுத்தவரை இன்ன ஊரில் இருக்கும் வெள்ளாளன், இன்ன கூட்டத்தாரில் இன்னான் என்று குறிக்கும் வழக்கம் சோழர், பாண்டியர் காலத்திலேயே உண்டு. ஆகவே கூட்டப் பெயர்கள் பழமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டுக்கும் உங்கள் பூட்டனுக்கும் இடையே உள்ள ஆறேழு நூற்றாண்டுக்குச் சங்கிலி கிடையாது. கூட்டம் என்பது யாரோடு பெண் கொள்ளலாம், யார் பங்காளி என்று சொல்லும் ஏற்பாடு. அதைப் பிறப்புச் சான்றிதழ்போல் நீட்டுகிற சிறு புத்தகங்களை மரியாதையோடு வாங்கி அலமாரியில் வையுங்கள்.

கரூர் வாசகர்: எங்கள் குடும்பம் பற்றிய பழைய ஆவணங்களைத் திருச்சியில் தேடினேன், இல்லை என்றார்கள். கோயம்புத்தூர் போகச் சொல்கிறார்கள். அலைக்கழிக்கிறார்களா?

இம்முறை அலைக்கழிக்கவில்லை. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டுதான் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1995-இல். நாமக்கல் சேலத்திலிருந்து 1910-இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய்ப் பிறகு சேலத்துக்கே திரும்பி, 1997-இல் தனித்தது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 1979 வரை கோயம்புத்தூர், பிறகு பெரியார் மாவட்டம் என்றும் ஈரோடு மாவட்டம் என்றும் பெயர் கொண்ட நிலப்பகுதி, 2009 முதல் திருப்பூர். வீட்டை விட்டு நகராமலே நான்கு பெயர்கொண்ட மாவட்டத்தில் வாழ்ந்து முடித்த பாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம்; சத்தியமங்கலம், அந்தியூர் மலையோரக் குடும்பங்கள் பலவற்றின் பாதி உறவு இப்போது கர்நாடகத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கும்பினியார், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், கைக்குச் சேலம் சீமை வந்தது 1792-இல். கோயம்புத்தூர் வந்தது திப்பு வீழ்ந்த 1799-இல். காவிரிக்குக் கிழக்கே திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்தார்க்கு ஆங்கில ஆட்சியின் வருவாய்த் தாள்கள் ஏழாண்டு முந்தியே தொடங்கக் காரணம் இதுதான். அந்தப் பழைய தாள்களை மாவட்டத் தலைநகரில் தேடாமல் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். உங்கள் கிராமம் அந்தந்த ஆண்டில் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் ஒரே பெயரில் பத்துப் பாளையம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. 'கரையான் அரித்துவிட்டது' என்ற பதிலை முதல் முறையே நம்பிவிடாதீர்கள். நான் ஓய்வு பெற்றபின் தேடிப்போன ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாம் முறை போனபோது அந்தப் பதிவேடு வேறு ஆண்டின் கட்டுக்குள் பத்திரமாக இருந்தது. கரையானுக்குத்தான் வீண்பழி.

திருப்பூர் வாசகர்: பட்டா, பத்திரம் என்றே எல்லாரும் சொல்கிறீர்கள். என் பாட்டனார் தாராபுரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஆள்காரராக இருந்தவர். எங்களுக்கு ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. எங்கள் முன்னோரை எந்தத் தாளில் தேடுவது?

வந்த கடிதங்களிலேயே நியாயமான கேள்வி இதுதான். வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட தாள்களில் வரி கட்டியவன் பெயர்தான் இருக்கும். உழைத்தவன் பெயர் இராது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட வேண்டாம்.

முதலில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பாட்டனார் படிக்காவிட்டாலும் அவருடைய பிள்ளைகளில், அல்லது தம்பி பிள்ளைகளில், ஒருவர் இரண்டாம் வகுப்புவரையாவது போயிருப்பார். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பழைய ஊர்ப்புறப் பள்ளிகள் இந்தப் பேரேடுகளைப் பெரும்பாலும் இன்னும் வைத்திருக்கின்றன. தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்டால் பீரோவைத் திறப்பார். அடுத்து, பிறப்பு இறப்புப் பதிவு. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழியும்வரை ஊரில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்தான் இவற்றை எழுதினார்கள். விடுபட்டவை நிறைய. ஆனாலும் நிலம் இருந்தவர், இல்லாதவர் என்ற பேதம் சாவுக்கணக்கில் சற்றுக் குறைவு.

மூன்றாவது, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலங்கள். பஞ்சமி நிலம் என்பது இதுதான். உங்கள் ஊரில் அப்படி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால், இன்று அது யார் கையில் இருந்தாலும், முதலில் பெற்றவர் பெயர் பழைய பதிவேட்டில் இருக்கும். அதில் உங்கள் பூட்டனார் பெயர் இருந்தால் தேடல் வரலாற்றோடு நிற்காமலும் போகலாம். அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள், என்னைப் போன்றவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

நான்காவது, உங்கள் குடும்பத்தில் யாராவது 'மலைக்குப் போய்விட்டார்' என்ற பேச்சு இருந்தால் அதை விடாதீர்கள். 1876 தொடங்கி ஆட்டிப்படைத்த தாது வருஷப் பஞ்சம் குடும்பங்களை வேரோடு பெயர்த்தது. அதன்பின் ஆனைமலை, நீலகிரித் தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் பலர். 1964-ஆம் ஆண்டு இந்திய, இலங்கை ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் தாள்களில் பூர்விக ஊர் எழுதப்பட்டிருப்பதுண்டு. இங்கே அழிந்த ஊர்த் தொடர்பு அங்கே போனவர் தாளில் பிழைத்துக் கிடக்கலாம். குடும்பத்தில் யாரேனும் கிறிஸ்தவம் தழுவியிருந்தால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். லண்டன் மிஷன் கோயம்புத்தூருக்கு வந்தது 1830-இல். கத்தோலிக்கர் கருமத்தம்பட்டிக்கு வந்தது அதற்கும் வெகுமுன்பு.

தாளில் இல்லாதது கோயிலில் இருக்கும். உங்கள் குலசாமி எந்த ஊரில் இருக்கிறது, நோன்பு சாட்டும்போது முதல் அழைப்பு எந்தக் குடும்பத்துக்குப் போகிறது, எந்த ஊரிலிருந்தெல்லாம் வந்து கிடாய் வெட்டுகிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். குலசாமிக் கோயிலுக்கு மட்டும் குடும்பம் எங்கே சிதறினாலும் திரும்பி வரும். பிடிமண் எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் கோயில் எழுப்பியிருந்தால், மண் எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். அதுதான் முந்தைய ஊர்.

பொள்ளாச்சி வாசகர்: எச்சில் மாதிரியை அனுப்பினால் மரபணுச் சோதனை செய்து முன்னோர் யார் என்று சொல்கிறார்களே, செய்யலாமா?

பணமும் ஆர்வமும் இருந்தால் செய்யலாம். தகப்பன் வழியில் மகனுக்கு மட்டும் போகும் கூறும், தாய் வழியில் எல்லாப் பிள்ளைக்கும் போகும் கூறும் மரபணுவில் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை சொல்லும் கதை பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது. உங்கள் பூட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று சோதனைக்குழாய் சொல்லாது. அதற்குப் பக்கத்து வளவுப் பாட்டியிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டு போய் உட்காருவது செலவு குறைந்த வழி.

கோபிசெட்டிபாளையம் வாசகி: என் கணவர் வீட்டார் எட்டுத் தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் நாற்பத்திரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணும் இல்லை. என் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், அம்மா யார் என்று தேட ஆசைப்படுகிறேன். வழி உண்டா?

நாற்பத்திரண்டு பேரும் மரத்திலேயே காய்த்தார்கள்போலும். உங்கள் கடிதத்தைப் படித்தபின் என் வீட்டில் நானே வரைந்து வைத்திருந்த மரத்தை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பதிலில் பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

பெண் வழியைத் தேட வேண்டியவர்கள் வம்சாவளியை விட்டுவிட்டுச் சீர்வழியைப் பிடிக்க வேண்டும். கொங்கில் ஒரு பெண் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனபின்னும் பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்துகொண்டே இருக்கும். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போதும், மகள் பெரியவளாகிச் சீராகும்போதும், பேரன் கல்யாணத்திலும் தாய்மாமன் வந்து நின்றாக வேண்டும். ஆகவே தாய்மாமன் யார் என்று கேட்டால் அம்மாவின் பிறந்த வீடு வரும். அந்தத் தாய்மாமனுக்குத் தாய்மாமன் யார் என்று கேட்டால் அம்மிச்சியின் பிறந்த வீடு வரும். அவருக்கும் தாய்மாமன் யார் என்று கேட்டால் நீங்கள் தேடுகிற வாசல் வரும். ஆண்கள் வரைந்த மரத்தில் பெண்ணே இல்லை. இந்த வழியில் அம்மாவிலிருந்து அம்மாவுக்கு நேராக ஏறலாம்.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. மொய் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்களா என்று உடனே விசாரியுங்கள். 1958-ஆம் ஆண்டுக் கல்யாணம் ஒன்றின் மொய் நோட்டு என் கைக்கு வந்தது. நீளவாக்கில் மடித்துத் தைத்த காகிதம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய கறை. ஊர், பெயர், ரூபாய் என்று மூன்றே பத்தி. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று போய்க்கொண்டே இருக்கும் வரிசையில் திடீரென்று ஐம்பத்தொரு ரூபாய் வருகிறது. அதற்கு எதிரே நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொலைவூர். அந்தப் பெரிய தொகையைச் சுமந்து அவ்வளவு தூரம் வந்தவர் மாமன் மச்சான் உறவாகத்தான் இருக்க வேண்டும். இப்படித் தொகையையும் தொலைவையும் சேர்த்துப் படித்தால் மொய் நோட்டு பெண்வழி உறவின் வரைபடமாக மாறிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக ஓலை ஆகியவற்றையும் தேடுங்கள். பெண்ணின் ஜாதகத்தைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தேடிப் பயனில்லாவிட்டால் பிறந்த வீட்டில் பாருங்கள்.

பெயர் கிடைப்பதுதான் கடினம். வாழ வந்த பெண்ணை அவள் ஊரின் பெயரால் அழைப்பதே வழக்கமாக இருந்ததால் இயற்பெயரைப் பேரப்பிள்ளைகளே அறிந்திருக்க மாட்டார்கள். என் அப்பத்தாவை எல்லாரும் 'வெள்ளகோயிலா' என்றே சொன்னார்கள். அவர் இறந்து நெடுநாள் கழித்து, அவருடைய பெயர் என்ன என்று என் மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நகல் எழுதியவன் சொந்த அப்பத்தாவின் பெயரை அறியவில்லை என்று மகள் சிரித்தாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கடைசியில் அது கிடைத்தது அப்பாரு இறந்தபின் என் அப்பாவும் சித்தப்பாக்களும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான். நிலத்தைப் பிரித்து, கிணற்றில் முறை பிரித்து, வேப்பமரத்தைப் பொதுவில் விட்டு, ஏழாம் பக்கத்தின் அடியில், தாயாருக்கு ஆண்டொன்றுக்கு இவ்வளவு சோளம், இவ்வளவு கம்பு, ஒரு பசுவுக்குத் தீவனம், கிழக்குச் சாளையில் ஆயுள்வரை குடியிருப்பு என்று நான்கு வரி எழுதியிருந்தார்கள். அந்த நான்கு வரியில்தான் அவர் பெயர் காளியம்மாள் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் நீல மசியில் அவருடைய பெருவிரல் ரேகை. ஓரத்தில் சற்று இழுபட்டிருந்தது. ஆளை அடையாளம் காட்டிய சாட்சியாக அதற்குக் கீழே கையெழுத்திட்டிருந்தவர் வெள்ளகோயிலுக்கு அருகில் ஒரு தோட்டத்தின் பெயரைத் தம் முகவரியாகக் கொடுத்திருந்தார். அவர் அப்பத்தாவின் உடன்பிறந்த அண்ணன். அந்தத் தோட்டத்தில் இன்றும் அவர் பேரன் இருக்கிறார். தம் அப்பாருவின் பெயரைத்தான் அவருக்கும் வைத்திருக்கிறார்கள்.